ஏல விலையும் உண்மை மதிப்பும்

ஏலம் என்பது வணிகர்களாகிய நமக்குப் புதிய விஷயமல்ல. ஈரோட்டில் மஞ்சள் ஏலத்தில்தான் விலை போகிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காயும் அப்படியே. கோயம்பேட்டில் விடியும் முன்பே வந்து நிற்கும் லாரிகளைச் சுற்றி நடக்கும் பேரமும் ஒருவகை ஏலந்தான். நம்மில் ஏலச்சீட்டுப் போடாதவர்களும் குறைவு. ஆகவே, விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது, ஏறிய விலைக்கும் சரக்கின் தரத்திற்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் நமக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால், 2008 முதல் டி.வி.யில் நாம் பார்த்து வரும் ஓர் ஏலம் இருக்கிறது. அதில் சரக்கு இல்லை, மனிதர்கள் ஏலம் போகிறார்கள். ஐ.பி.எல். கிரிக்கெட் வீரர்கள் ஏலத்தைத்தான் சொல்கிறோம். ஏலம் நடக்கும் நாட்களில் அம்பத்தூர் ஓ.டி.யிலும், ஆவடியிலும், பூந்தமல்லியிலும் கடைக்கு வரும் வாடிக்கையாளர் அரைக்கிலோ துவரம்பருப்பைக் கேட்டுவிட்டு, "இத்தனை கோடியாமே அண்ணாச்சி!" என்று வியக்கிறார். நாமும் சேர்ந்து வியக்கிறோம். பெரிய விலைக்குப் போனவர் பெயர் மறுநாள் எல்லார் வாயிலும் இருக்கிறது. குறைந்த விலைக்குப் போனவரையும், யாரும் கேட்காமல் விடப்பட்டவரையும் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

பின்னாளில் அவர்களில் சிலர்தான் பெரிய விலைக்காரர்களை விடச் சிறப்பாக ஆடுகிறார்கள். இது எப்படி நடக்கிறது, இதிலிருந்து மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதை இந்தக் கட்டுரையில் சிந்திப்போம். விளையாட்டுச் செய்திக்கு நமது இதழில் என்ன வேலை என்று கேட்க வேண்டாம். இது கொள்முதல் பற்றிய செய்திதான்.

அமெரிக்காவில் ஒரு முறை

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் புதிய வீரர்களை ஏலம் விடுவதில்லை. அணிகள் வரிசையாக வந்து ஒருவரை ஒருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. 30 அணிகள், இரண்டு சுற்று, பொதுவாக 60 பேர். முதல் சுற்றில் எடுக்கப்படுபவர்களுக்குப் பேரும் பணமும் அதிகம். இரண்டாவது சுற்றில் வருபவர்கள், நம் பாஷையில் சொன்னால், தரம் பிரித்த பின் கடைசியில் மிஞ்சிய மூட்டை.

2014-ம் ஆண்டு அப்படி 41-வதாக எடுக்கப்பட்டவர் செர்பியா நாட்டு நிகோலா யோகிச். அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது அமெரிக்க டி.வி.யில் ஓர் உணவக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அளவுக்குத்தான் மதிப்பு. உடல் கனம், ஓட்டம் மந்தம், உயரத் தாவ வராது என்பதுதான் அவரைப் பற்றிய கணிப்பு. அதே யோகிச் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்தப் போட்டியின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2023-ல் டென்வர் அணிக்கு அதன் வரலாற்றிலேயே முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 40 பேரைத் தாண்டி வந்து அவரை எடுத்தார்கள் என்றால், 40 முறை அவர் கைநழுவிப் போனார் என்று பொருள்.

அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி 1999-ல் 57-வது ஆளாக எடுக்கப்பட்டவர். சான் அன்டோனியோ அணியோடு நான்கு முறை கோப்பை வென்றார். 2011-ல் 60-வதாக, அதாவது கடைசிக்கும் கடைசியாக, எடுக்கப்பட்ட ஐசையா தாமஸ் பின்னாளில் நட்சத்திர ஆட்டங்களுக்குத் தேர்வானார்.

அளவுநாடாவில் உயரம் அளக்கலாம், ஓட்டத்தை நொடியில் அளக்கலாம். பந்து எங்கே போகும் என்று மற்றவர்களுக்கு முன்பே உணரும் புத்தியை எதைக்கொண்டு அளப்பது? அளக்க முடிந்ததற்கு மட்டும் விலை வைத்தார்கள். அளக்க முடியாதது கடைசியில் நின்றது.

சேலத்து நடராஜனின் விலைப் பட்டியல்

வெளிநாட்டு உதாரணம் எதற்கு? நம் சேலம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சின்னப்பம்பட்டி என்ற சிற்றூர். அப்பா நெசவுக் கூலி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த டி. நடராஜனை நாம் எல்லாரும் அறிவோம். அவர் ஆடிய ஆட்டத்தை விட்டுவிட்டு, அவருக்கு வைக்கப்பட்ட விலையை மட்டும் ஒரு கணக்குப் பேரேட்டில் எழுதுவதுபோல் எழுதிப் பார்ப்போம்.

2017 ஏலத்தில் அடிப்படை விலை ரூ.10 லட்சம். பஞ்சாப் அணி ரூ.3 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டு ஆறு ஆட்டங்களில் ஆடி இரண்டு விக்கெட்டுகள் எடுத்தார். 2018-ல் விலை ரூ.40 லட்சத்துக்கு இறங்கியது. எடுத்தது ஐதராபாத் அணி. 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. 2020-ல் வாய்ப்பு வந்தது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள். கால்விரல் நுனியைக் குறிபார்த்து வீசும் யார்க்கர் பந்துக்கு அவர் பெயரே அடையாளமாயிற்று. டி வில்லியர்ஸ் போன்ற வீரரே அந்தப் பந்தில் ஸ்டம்ப்பை இழந்தார்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு இந்திய அணியோடு அவர் போனது வலைப்பயிற்சிக்குப் பந்து வீசும் ஆளாக. டிசம்பர் 2-ம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து அதே ஊரில் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். 2022-ல் ஐதராபாத் அணியே மீண்டும் ரூ.4 கோடிக்கு வாங்கியது. 2025 ஆட்டங்களுக்கான ஏலத்தில் டெல்லி அணி ரூ.10.75 கோடி கொடுத்தது. அந்த உச்ச விலைக்குப் போன ஆண்டில் அவருக்குக் கிடைத்தது இரண்டே ஆட்டங்கள்.

இந்தப் பேரேட்டை மறுபடி பாருங்கள். 3 கோடியில் ஆள் ஜொலிக்கவில்லை. 40 லட்சத்தில் நாட்டுக்கே ஆடினார். 10.75 கோடியில் உட்கார்ந்திருந்தார். ஆள் ஒருவரே, கை ஒன்றே. மாறியது விலையும் வாய்ப்பும்தான். சரக்கின் மதிப்பு வேறு, அன்றைய ஏல விலை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அடித்தவர்களே வாங்கிய கதை

சென்னையைச் சேர்ந்த வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்தவர். விக்கெட் கீப்பராக இருந்து, வேகப்பந்துக்கு மாறி, முழங்கால் காயத்துக்குப் பின் சுழற்பந்துக்கு வந்தவர். 2018-ல் டி.என்.பி.எல். கோப்பையை மதுரை அணி வென்றபோது அவர் கைவரிசை வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில் ரூ.20 லட்சத்தில் தொடங்கி ரூ.8.40 கோடியில் முடிந்தது விலை. வாங்கியது பஞ்சாப் அணி. 2019-ல் கொல்கத்தாவுக்கு எதிராக இறங்கிய முதல் ஆட்டத்தில் முதல் ஓவரிலேயே 25 ரன்கள் போயின. காயமும் சேர்ந்துகொள்ள, அந்த ஒரு ஆட்டத்தோடு அந்த ஆண்டு முடிந்தது. அணி அவரை விடுவித்துவிட்டது.

அடுத்த ஏலத்தில் அவரை ரூ.4 கோடிக்கு எடுத்தது யார் தெரியுமா? அன்று 25 ரன் அடித்த அதே கொல்கத்தா அணிதான். ஏற்கெனவே தங்கள் வலைப்பயிற்சியில் அவர் பந்து வீசிப் பார்த்தவர்கள் அவர்கள். ஒருநாள் நஷ்டத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கையால் தொட்டு அறிந்த சரக்கை நம்பினார்கள். 2020-ல் 17 விக்கெட்டுகள். அதில் டெல்லிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து. 2024-ல் கொல்கத்தா கோப்பை வென்றபோது 21 விக்கெட்டுகள். 2021 உலகக் கோப்பையில் விக்கெட் இல்லாமல் திரும்பி இந்திய அணியிலிருந்தே ஒதுக்கப்பட்டவர், 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டங்களில் ஒன்பது விக்கெட்டுகள் எடுத்து இந்தியா கோப்பை வெல்ல உதவினார்.

இன்னொருவர் சென்னை இளைஞர் சாய் சுதர்சன். 2022 ஏலத்தில் குஜராத் அணி அவரை அடிப்படை விலையான ரூ.20 லட்சத்துக்கே எடுத்தது. போட்டிக்குக் கேட்க ஆளில்லை. 2023-ல் நம் மாநில டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி அவருக்கு ரூ.21.60 லட்சம் கொடுத்தது. அதாவது, உலகமே பார்க்கும் போட்டியில் கிடைத்ததைவிட உள்ளூர்ப் போட்டியில் அதிகம். அவரை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் மதிப்புத் தெரிந்திருந்தது. அதே ஆண்டு ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ரன் அடித்தார். 2025-ல் 759 ரன்கள் எடுத்து அந்த ஆண்டின் முதல் மட்டையாளர் ஆனார். அதே ஆண்டு இங்கிலாந்தில் டெஸ்ட் ஆட்டத்திலும் இறங்கினார்.

ஏலத்தில் யாருமே கேட்காத சரக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011 ஏலத்தில் கிறிஸ் கெயிலை எந்த அணியும் எடுக்கவில்லை. போட்டி நடந்துகொண்டிருக்கும்போது ஒரு வீரர் காயமடைய, மாற்று ஆளாகப் பெங்களூர் அவரை அழைத்தது. பாதியில் வந்தவர் 608 ரன்களோடு அந்த ஆண்டு அதிக ரன் எடுத்தவர் ஆனார்.

பில் மாறி வந்த மூட்டை என்று நாம் சொல்வோமே, அதுவும் ஐ.பி.எல்.லில் நடந்தது. 2023 டிசம்பர் ஏலத்தில் ஷஷாங்க் சிங் என்ற வீரரைப் பஞ்சாப் அணி ரூ.20 லட்சத்துக்கு எடுத்தபோது, பெயரில் குழப்பமோ என்று அங்கேயே சலசலப்பு எழுந்தது. அவரும் எங்கள் பட்டியலில் இருந்தவர்தான் என்று அணி பிறகு விளக்கம் கொடுத்தது. 2024-ல் குஜராத்துக்கு எதிராகத் தோற்க இருந்த ஆட்டத்தை 29 பந்துகளில் 61 ரன் அடித்து வென்று கொடுத்தார். அடுத்த ஆண்டுக்கு அவரை ரூ.5.50 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

கபடிக்கும் இதே கதைதான். 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை ரூ.2.26 கோடிக்கு வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்து வெளியேறினார். அணி கவிழ்ந்தது என்று எல்லாரும் நினைத்தபோது, அந்த ஆண்டுதான் களமிறங்கிய நரேந்தர் என்ற இளைஞர் 240-க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகளை அள்ளினார். தமிழ் தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது.

விலை ஏன் தவறுகிறது?

கோடிக்கணக்கில் பணம் போடுபவர்கள் முட்டாள்கள் அல்ல. ஆளுக்கு ஆள் நிபுணர்கள், கம்ப்யூட்டர் புள்ளிவிவரம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஏன் தவறுகிறது? நமக்குத் தெரிந்த காரணங்கள்தான்.

முதலாவது, கண்ணில் பட்டதற்கே விலை. டி.வி.யில் வந்த ஆட்டத்தில் ஆடியவருக்கு விலை ஏறும். வராத ஆட்டத்தில் ஆடியவருக்கு இல்லை. பாலிஷ் போட்ட பருப்புக்குக் கை நீள்வதுபோல.

இரண்டாவது, போட்டி வெறி. இரண்டு பேர் ஒரே சரக்கின் மீது கண் வைத்தால், மூன்றாவது கேள்விக்குப் பிறகு அவர்கள் வாங்குவது சரக்கை அல்ல, எதிராளியின் தோல்வியை. ஏலச்சீட்டில் வீம்புக்குக் கேட்டு எடுத்தவர் நிலையை நாம் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது, நேரம். ஒவ்வொரு அணிக்கும் செலவழிக்க ஒரு வரம்பு உண்டு. பை நிறைந்திருக்கும் காலையில் வந்த வீரருக்கு ஒரு விலை, பை காலியான மாலையில் வந்தவருக்கு வேறு விலை. தை பிறக்கும் முன் வந்த வெல்லத்துக்கும், பொங்கல் முடிந்து வந்த வெல்லத்துக்கும் உள்ள வித்தியாசந்தான்.

நான்காவது, இடப் பொருத்தம். ஓரிடத்தில் போகாத சரக்கு இன்னோரிடத்தில் போகும். தொழிற்பேட்டையை ஒட்டிய கடையில் மூன்று மாதம் தூசு படியும் பொருள், திருமுல்லைவாயிலில் குடியிருப்புக்கு நடுவே இருக்கும் கடையில் மூன்றே நாளில் தீரும். பஞ்சாபில் ஒரு ஆட்டம் ஆடிய வருண் கொல்கத்தாவில் தூணாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

கடைசியில் நின்றவர்கள் எல்லாரும் கோபுரமாவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது வியாபாரப் பேச்சாகாது. 2015-ல் பஞ்சாப் மாநிலக் கிராமத்து இளைஞர் சத்னாம் சிங்கை டல்லாஸ் அணி 52-வதாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் இந்தியர் என்று நாடே கொண்டாடியது. ஆனால், அந்தப் போட்டியின் ஒரு முறையான ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. இரண்டாவது சுற்றில் வரும் பெரும்பாலோர் கதை இதுதான். யோகிச்சை நினைவு வைத்திருக்கிறோம், வந்த சுவடு தெரியாமல் போனவர்களை மறந்துவிடுகிறோம்.

அதுபோல, பெரிய விலை என்றாலே தண்டம் என்றும் இல்லை. ரூ.27 கோடிக்குப் போய் ஐ.பி.எல். வரலாற்றிலேயே அதிக விலை பெற்ற ரிஷப் பந்த் 2025-ல் 269 ரன்களே எடுத்தார். அதற்காக அவர் திறமை இல்லாதவர் ஆகிவிட மாட்டார். பெரிய விலை கொடுத்து வாங்கி, கோப்பையும் வென்ற அணிகள் உண்டு.

ஆகவே கணக்கு இப்படி. ரூ.20 லட்சத்துக்கு எடுத்தவர் சரியில்லை என்றால் போவது ரூ.20 லட்சம். சரியாக அமைந்தால் வருவதற்கு எல்லையில்லை. நஷ்டத்துக்கு வரம்பு உள்ள, லாபத்துக்கு வரம்பு இல்லாத கொள்முதலைப் புத்தியுள்ள வியாபாரி ஆண்டுக்குச் சிலவாவது செய்ய வேண்டும். மொத்தப் பணத்தையும் அதில் போடக் கூடாது. ஒரு பகுதியையாவது போடாமலும் இருக்கக் கூடாது.

நம் அலமாரியில்

நம் கடை அலமாரியிலேயே இதற்குச் சான்று உண்டு. 1969-ல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் வீட்டில் தயாரித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்ற சலவைத்தூள்தான் நிர்மா. பெரிய கம்பெனிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் அதற்குப் போட்டியாகவே அவர்கள் மலிவு விலைத் தூள் இறக்க வேண்டி வந்தது. 1983-ல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் ரூ.15,000 முதலில் தொடங்கிய தொழிலிலிருந்து வந்தது சிக் ஷாம்பு. பாட்டிலில் மட்டுமே ஷாம்பு என்று இருந்த காலத்தில், பாக்கெட்டைச் சரம் சரமாகக் கடை வாசலில் தொங்கவிட இடம் கொடுத்தவர்கள் யார்? நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள்தான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லிக்கொண்டே கடுகு விற்பவர்கள் நாம்.

இன்றைக்கு நம் பகுதியில் அப்பளம், சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, முறுக்கு என்று வீட்டிலேயே தயாரித்துப் பையோடு வரும் மகளிர் குழுவினர் உண்டு. பலர் முகத்தைப் பார்க்காமலே, "பெரிய கம்பெனி ஸ்கீம் இருக்கும்மா, இடமில்லை" என்று அனுப்பிவிடுகிறோம். எல்லாவற்றையும் வாங்கச் சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, தயாரித்த தேதி, எடை, விலை ஒழுங்காக அச்சிட்டிருந்தால், ஒரு டஜன் பாக்கெட் வாங்கி ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதில் குறைந்து போவது எதுவும் இல்லை. நம்மையே அப்படி ஒதுக்கியவர்கள் உண்டு. சூப்பர் மார்க்கெட் வந்தபின் தெருமுனைக் கடை எதற்கு என்றார்கள். 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை பூந்தமல்லிக்கு அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டிருந்த அந்த ஊரடங்கு நாட்களில், மக்கள் நடந்து வந்து சாமான் வாங்கியது தெருமுனைக் கடையில்தான். கடைசி வரிசையில் வைக்கப்படுவது என்றால் என்ன என்று தெரிந்த நாம், வேறொருவரை அப்படி வைக்கலாமா?

எல்லாவற்றையும் விட முக்கியம் – நம் கடை ஆட்கள்

இந்தக் கட்டுரையின் நோக்கமே இனிச் சொல்லப்போவதுதான். இன்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் முதல் குறை, "ஆள் கிடைக்கவில்லை." தென் மாவட்டங்களிலிருந்து பையன்கள் வந்து கடையிலேயே தங்கித் தொழில் கற்ற காலம் போய்விட்டது. வருகிறவர்கள் வடமாநிலத்தவர்கள். உள்ளூர் இளைஞர்களை அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளும், வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோகும் கம்பெனிகளும் இழுத்துக்கொள்கின்றன. நிலைமை இப்படி இருக்கும்போது, கிடைத்த ஆளை நாம் எப்படி மதிப்பிடுகிறோம்?

தெரிந்தவர் சிபாரிசா, நம் ஊர்க்காரனா, தமிழ் பேசுவானா என்று பார்க்கிறோம். முதல் வாரத்தில் ஒரு பில்லைத் தவறாகக் கூட்டினால் "இவன் தேற மாட்டான்" என்று முத்திரை குத்துகிறோம். முதல் ஓவரில் 25 ரன் கொடுத்தவரை விடுவித்த அணியின் வேலைதான் இது. நடராஜனே முதல் ரஞ்சி ஆட்டத்துக்குப் பின் பந்து வீசும் முறையில் சந்தேகம் எழுப்பப்பட்டு, அதைத் திருத்திக்கொள்ள உழைக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் கைகொடுத்தவர்கள் இருந்ததால்தான் மீண்டும் வந்தார்.

மூட்டை தூக்க வைத்திருக்கும் ஆளுக்கு வாடிக்கையாளரின் பெயரும் வழக்கமான சாமான் பட்டியலும் மனப்பாடமாக இருக்கலாம். சரக்கு அடுக்கும் ஆளுக்கு எது காலாவதி ஆகப்போகிறது என்று கம்ப்யூட்டரை விட முன்னால் தெரியலாம். கல்லாவில் உட்கார வைத்துப் பார்த்தால்தானே கைசுத்தம் தெரியும்? லைனுக்கு அனுப்பிப் பார்த்தால்தானே வசூல் திறமை தெரியும்? ஐதராபாத் அணி இரண்டு ஆண்டு நடராஜனை வைத்திருந்தது. மூன்றாவது ஆண்டு இறக்கியபோதுதான் வாங்கிய காசுக்குப் பலன் வந்தது. ஆளை வேலைக்கு எடுத்தால் மட்டும் போதாது, களத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இதைச் சொன்னால் நம்மில் சிலருக்குக் கசக்கும். சாய் சுதர்சன் 2023-ல் இறுதி ஆட்டத்தில் 96 அடித்தபோதும், 2024-ல் 500-க்கு மேல் ரன் எடுத்தபோதும், குஜராத் அணியில் அவர் விலை அதே ரூ.20 லட்சந்தான். அடுத்த பெரிய ஏலம் வரும்வரை தன் விருப்பப்படி அணி மாற விதி இடம் தராது. 2025-க்குத்தான் அதை ரூ.8.50 கோடியாக உயர்த்தித் தக்கவைத்தார்கள். நம் தெருவில் அப்படி ஒரு விதி கிடையாது. சேர்ந்த அன்று பேசிய சம்பளத்திலேயே நான்கு வருடம் வைத்திருந்தால், கடையையே தாங்குகிற அந்த ஆள் ஒருநாள் அடுத்த தெருக் கடைக்குப் போவான். போகும்போது நம் வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு போவான். குறைந்த விலைக்கு நல்ல ஆள் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். அந்த விலையிலேயே அவரை நிறுத்தி வைப்பது நம் பேராசை.

நமது யோசனைகள்

ஒன்று: புதிய ஆளுக்குக் குறைந்தது மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். அந்த மூன்று மாதத்தில் அடுக்குதல், எடை போடுதல், பில் போடுதல், வெளியே கொண்டுபோய்க் கொடுத்தல் என்று எல்லா வேலையிலும் மாற்றி மாற்றி விட்டுப் பாருங்கள். கடைசியில் தேறவில்லை என்றால் கணக்கு முடித்து மரியாதையாக அனுப்பலாம்.

இரண்டு: தேறியவருக்கு வருடம் தவறாமல் சம்பளத்தை உயர்த்துங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்கும் நாளில் அவர் மனம் ஏற்கெனவே வெளியே போயிருக்கும்.

மூன்று: ஊழியருக்கு இருக்கை வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டமே வந்துவிட்டது. சட்டத்துக்காக மட்டுமின்றி, மனிதருக்காகவும் ஒரு நாற்காலி போடுங்கள்.

நான்கு: அலமாரியில் ஒரே ஒரு தட்டைப் புதிய சிறு தயாரிப்பாளர்களுக்கு என்று ஒதுக்குங்கள். மாதம் ஒரு பொருள். எத்தனை விற்றது என்று நோட்டில் எழுதுங்கள். போகாததைத் திருப்புங்கள், போவதைத் தொடருங்கள்.

ஐந்து: சேல்ஸ்மேன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் முடிவை உங்கள் நோட்டைப் பார்த்து எடுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. பொறுமையும், கண்ணால் பார்த்துக் கணக்கில் எழுதும் பழக்கமுமே தேவை. அவை இரண்டும் நமக்கு வாழையடி வாழையாக வந்தவை. அந்தப் பழக்கத்தை அரிசியிலும் பருப்பிலும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்கள் விஷயத்தில் விட்டுவிட்டோம்.

நடராஜன் சின்னப்பம்பட்டியிலேயே அமைத்த ஒரு கிரிக்கெட் மைதானம் 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. தன்னைப் போலவே யாரும் விலை கேட்காத கிராமத்துப் பையன்கள் வந்து பழக அதில் இடமிருக்கிறது. நம்மில் பலரும் ஒரு காலத்தில் யாரோ ஒரு முதலாளி இடம் கொடுத்ததால், கடைப்பையனாக நுழைந்து கடைக்காரர் ஆனவர்கள்தான். அன்று நமக்கு ஏலம் விட்டிருந்தால் அடிப்படை விலைக்குக்கூட எடுத்திருக்க மாட்டார்கள். நம் கடையில் இன்று மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் இளைஞரை அந்த நினைவோடு பாருங்கள். அடுத்த மாதம் ஒரு நாள் அவரைக் கல்லாவில் உட்கார வைத்துப் பாருங்கள்.